நமத்த வெடியும் மழைநாள் காசும்

இந்த மாதப் பாடம்: ஆங்கிலத்தில் புழங்கும் சொலவடைகள்



ஏழாயிரம்பண்ணையில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கிளம்புகிற நேரம். ஒரு அக்கா தன் மகளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். பிள்ளை கல்லூரியில் முதல் வருஷம். அதன் முகம் வாடியிருந்தது. "மேடம், இவளுக்கு ஒரு இங்கிலீசு வாக்கியம் விளங்கலையாம். இவ்வளவு படிச்ச நீங்கதான் சொல்லணும்" என்றார் அக்கா.

பிள்ளை நோட்டை விரித்துக் காட்டியது. கல்லூரி விழா ஒரு "டாம்ப் ஸ்க்விப்" ஆகிவிட்டது என்று ஆசிரியை சொன்னாராம். அகராதியைப் பார்த்தால் டாம்ப் என்றால் ஈரமான, ஸ்க்விப் என்றால் சிறு வெடி. "விழா ஓர் ஈரமான சிறு வெடி" என்று எழுதி வைத்திருந்தது. "விழாவில வெடியே போடலையே மேடம், அப்புறம் எப்படி?" என்று கேட்டது.

நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அக்கா சிரித்துவிட்டார். "அட கூறுகெட்டவளே, நமத்த வெடின்னு சொல்லுதாக. பெருசா வெடிக்கும்னு எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு நிப்பாக. அது புஸ்ஸுன்னு போயிரும். விழா புஸ்வாணமாப் போச்சுன்னு அர்த்தம்."

நூற்றுக்கு நூறு சரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெடி ஆலையில் திரி கட்டப் போனவர் அவர். அகராதி தராத பொருளை அவருடைய வேலை தந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தோம், இதை ஒரு பாடமாக எழுதிவிட வேண்டும் என்று.

சொலவடை என்பது என்ன?

சில வார்த்தைகள் சேர்ந்து வரும்போது அவற்றுக்குத் தனியாக ஒரு பொருள் வந்துவிடும். பள்ளிப் புத்தகத்தில் இதை மரபுத்தொடர் என்பார்கள். ஆங்கிலத்தில் இடியம். பழமொழியையும் சேர்த்து நம்ம கரிசல் காட்டில் சொலவடை என்றே சொல்லிவிடுவோம். இந்தப் பாடத்திலும் அப்படியே சொல்வோம்.

நம் பேச்சையே பாருங்கள். "அவன் கம்பி நீட்டிட்டான்" என்கிறோம். கையில் கம்பியா இருந்தது? "எனக்கே காது குத்துறியா?" என்கிறோம். ஆசாரியா வந்தார்? "கடன் கேட்டேன், கையை விரிச்சிட்டாரு" என்கிறோம். வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நமக்கு விளங்கும், ஏனென்றால் அதைக் கேட்டு வளர்ந்தோம்.

ஆங்கிலமும் அப்படித்தான். அதனால் ஆங்கிலச் சொலவடை புரியாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர்களே தடுமாறுவதுண்டு. டாம்ப் ஸ்க்விப் என்பதை அவர்களில் பலர் "டாம்ப் ஸ்க்விட்" என்று தப்பாகச் சொல்வார்கள். ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். கணவாய் எப்போதும் ஈரமாகத்தானே இருக்கும்! அவர்கள் வீட்டில் வெடி செய்கிற ஆள் இல்லை. அதனால் வந்த குழப்பம்.

மருந்திலும் திரியிலும் பிறந்தவை

ஆங்கிலத்தில் நம் தொழிலிலிருந்து பிறந்த சொலவடைகள் நிறைய இருக்கின்றன.

*பிளாஷ் இன் த பேன்.* பேன் என்றதும் தோசைக்கல் நினைவு வரும். இது அது இல்லை. பழைய காலத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதன் பெயர்தான் பேன். அதில் கொஞ்சம் மருந்து போடுவார்கள். கல் உரசித் தீப்பொறி விழுந்ததும் அந்த மருந்து எரியும். அந்தத் தீ ஒரு ஓட்டை வழியாகக் குழலுக்குள் போய் உள் மருந்தைப் பற்ற வைத்தால்தான் குண்டு பாயும். சில நேரம் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும். குண்டு போகாது. ஒரு தடவை பளிச்சிட்டு அதோடு நின்று போகிற காரியத்துக்கு இந்தப் பெயர். பயிற்சி முடித்த வேகத்தில் பினாயில் தயாரித்து ஒரே மாதம் விற்றுவிட்டு அப்படியே விட்டுவிடுகிற குழு இருந்தால், அது பிளாஷ் இன் த பேன்.

*கீப் யுவர் பவுடர் டிரை.* "உன் பவுடரை ஈரமாகாமல் வை." ஒரு பயிற்சியில் இதைச் சொன்னதும் ஒரு தங்கச்சி, "மழையில முகத்துப் பவுடர் கலைஞ்சிராம பாத்துக்கணும்னா மேடம்?" என்று கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பவுடர் என்றால் இங்கே வெடிமருந்து. 1600-களில் ஆலிவர் கிராம்வெல் என்ற இங்கிலாந்துத் தளபதி தன் படையிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கட்டைதான். அதனால், அவசரப்பட்டு எதையும் செய்யாதே, ஆனால் எப்போதும் தயாராக இரு என்பது பொருள்.

*ஷார்ட் பியூஸ்.* குட்டைத் திரி. "அவருக்கு ஷார்ட் பியூஸ்" என்றால் சட்டென்று கோபம் வருகிறவர். திரி குட்டையாக இருந்தால் விலகி ஓட நேரம் கிடைக்காது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*பவுடர் கெக்.* மருந்து அடைத்த பீப்பாய். எந்த நேரமும் சண்டை வெடிக்கலாம் என்கிற ஊரையோ வீட்டையோ இப்படிச் சொல்வார்கள்.

*லைட் த டச்பேப்பர்.* டச்பேப்பர் என்பது வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த தாள். மெதுவாகப் பிடித்து எரியும். இங்கிலாந்தில் வெடிகளின் முனையில் நீல நிறத்தில் இதைச் சுற்றி, "நீலத்தாளைப் பற்றவைத்துவிட்டு ரிட்டயர் ஆகவும்" என்று அச்சடிப்பார்கள். ரிட்டயர் என்றால் பென்சன் வாங்குவது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அதற்குப் பொருள் பின்னால் விலகிப் போ என்பது. இப்போது இது சொலவடை ஆகிவிட்டது. நாலு பேருக்குள் சண்டையைக் கிளப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல ஒதுங்கி நிற்பவரைச் சொல்வது. "பத்த வச்சிட்டுப் போயிட்டா" என்று நாமும் சொல்கிறோமே, அதேதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சொலவடையில் நமத்த வெடி என்றால் ஆபத்தில்லாதது, சிரித்துவிட்டுப் போகலாம். ஆலைக்குள் அப்படி இல்லை. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டு நீர்த்துப் போனால், யாரும் தீ வைக்காமலே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். நேற்று மீந்த மருந்தை இன்றைக்குத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். "நமத்ததுதானே, என்ன செய்யப் போகுது" என்ற பேச்சைப் பேச்சோடு விட்டுவிடுங்கள். மருந்து அறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

வெயிலும் மழையும்

ஒரு சொலவடை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் வானமும் மண்ணும் அதில் ஒட்டியிருக்கும். இங்கிலாந்து குளிர் தேசம். அங்கே சூடு நல்லது. அன்பான வரவேற்பை "வார்ம் வெல்கம்", அதாவது கதகதப்பான வரவேற்பு என்பார்கள். முகம் கொடுக்காமல் பேசினால் "கோல்டு", குளிர்ந்து போனது. நம்மிடம் நேர் தலைகீழ். பேரப்பிள்ளையைப் பார்த்தால் நமக்குக் கண் குளிரும், மனசு குளிரும். வெயில் காய்கிற ஊரில் குளிர்ச்சிதானே சுகம்! வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டால் அன்பு கோபமாகிவிடும், பாருங்கள்.

*மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்.* வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவைத்துக்கொள். அங்கே எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது. மாட்டுக்கு வைக்கிற புல் நனைந்தால் அழுகிவிடும். நம்மிடம் இதற்குக் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று இருக்கிறது. அவர்களுக்கு வெயில், நமக்குக் களத்துமேட்டுக் காற்று. கருத்து ஒன்றுதான்: நேரம் கூடி வரும்போது வேலையை முடித்துவிடு.

*சேவ் பார் எ ரெய்னி டே.* மழை நாளுக்காகச் சேர்த்து வை. இதை முதல் முதலில் சொன்னபோது ஒரு வயதான அம்மா கோபப்பட்டார். "மழை வந்தா கும்பிட்டுல்ல வரவேற்கணும்? அதைப் போய்க் கெட்ட நாள்னு சொல்லுதாகளே." வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் கேட்பது நியாயம்தான். மழை பெய்தால்தான் கம்பும் சோளமும் பருத்தியும்.

அப்போது பக்கத்தில் இருந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் சொன்னார்: "உங்களுக்கு மழை வந்தா வேலை, சித்தி. எங்களுக்கு மழை வந்தா வேலை இல்லை."

அதுதான் உண்மை. வெடிக்கும் வெயில் வேண்டும், தீப்பெட்டிக்கும் வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் காயப்போட முடியாது. தீபாவளி முடிந்ததும் ஆலையும் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வேலை இல்லாத நாளில் காசும் இல்லை. ஆங்கிலேயருக்கு மழைநாள் என்பது ஒரு பேச்சு. கஷ்டகாலத்துக்கு ஒரு பெயர். நமக்கோ அது நாள்காட்டியில் வருகிற நிஜமான மழை நாள்.

குழு ஆரம்பித்த காலத்தில் வாரம் பத்து, இருபது என்று போட்டோமே, அந்தச் சேமிப்பு இதற்காகத்தான். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கி இணைப்பைத் தொடங்கிப் பார்த்தபோதும் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன் என்பதே அடிப்படை. தீபாவளிக்கு முன்னால் கூடுதல் வேலை இருக்கிற மாதங்களில் வாரத்துக்கு ஐம்பது ரூபாயாவது அதிகம் போட்டு வைத்தால், கார்த்திகையில் வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

வீட்டுப்பாடு

*ஹேண்ட் டு மவுத்.* கையிலிருந்து வாய்க்கு. வருகிறது அன்றைக்கே செலவாகிவிடுகிற நிலை. "கைக்கும் வாய்க்குமே சரியா இருக்கு" என்று நாம் சொல்வதும் அதேதான். இரண்டு மொழிக்கும் வறுமை ஒரே மாதிரிதான் பேசுகிறது.

*மேக் எண்ட்ஸ் மீட்.* இரண்டு முனையையும் சேர்ப்பது. வரவுக்குள் செலவை அடக்கிக் குடும்பத்தை ஓட்டுவது. சரவெடி பின்னுகிறபோது கயிறு பற்றாமல் போனால் முனையை இழுத்து இழுத்துக் கட்டப் பார்ப்போமே, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

*பர்னிங் த கேண்டில் அட் போத் எண்ட்ஸ்.* மெழுகுவர்த்தியை இரண்டு முனையிலும் கொளுத்துவது. வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் பாதி நேரத்தில் வர்த்தியே இருக்காது. ஓய்வில்லாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதற்கு இதைச் சொல்வார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு ஆக்கித் தூக்குவாளியில் அடைத்து, ஆலை வண்டி ஏறி, சாயங்காலம் வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிற நம்மில் எத்தனை பேர் இரண்டு முனையிலும் எரிந்துகொண்டிருக்கிறோம்? வீட்டு வேலையை ஆம்பிளைகளும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று குழுவில் பேசும்போது இந்தச் சொலவடையைச் சொல்லிப் பாருங்கள்.

ஆலை வாசலில்

*கட்டிங் கார்னர்ஸ்.* மூலையை வெட்டுவது. முழு வழியும் சுற்றிப் போகாமல் குறுக்கே போவது போல, செய்ய வேண்டியதைச் செய்யாமல் சிக்கனமாகவோ சீக்கிரமாகவோ முடிப்பது. உரிமத்தில் போட்டிருக்கிற ஆள் கணக்குக்கு மேல் ஒரே அறையில் ஆள் வைப்பது, அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் வைத்துச் செய்வது, மருந்து அறையில் இரும்புச் சாமான் புழங்குவது, எல்லாம் கட்டிங் கார்னர்ஸ்தான்.

*பிளேயிங் வித் பயர்.* நெருப்போடு விளையாடுவது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது வெறும் பேச்சு. "பெரிய இடத்துப் பகை வேண்டாம், நெருப்போட விளையாடாதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நமக்கு அப்படி இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இந்த இரண்டு நாளையும் நம்ம பகுதிப் பெண்கள் தேதி பார்க்காமலே சொல்வார்கள். எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது! அதனால் இந்த இரண்டு சொலவடைகளையும் படித்து மறந்துவிடாமல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு இந்த அறையில எத்தனை பேர்?" என்று போர்மேனிடம் கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து கேட்டால் தைரியமும் வரும்.

காகிதத்தில்

இனி வருவதுதான் இந்தப் பாடத்தில் மிக முக்கியம். இதைக் கூட்டத்தில் இரண்டு முறை வாசிக்கச் சொல்கிறோம்.

*ரெட் டேப்.* சிவப்பு நாடா. அந்தக் காலத்தில் அரசாங்கக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டி வைப்பார்கள். நாடாவை அவிழ்த்தால்தானே மனு நகரும்? விதி, நடைமுறை என்று சொல்லிச் சொல்லி வேலை தாமதமாவதை இப்படிச் சொல்கிறார்கள்.

*பைன் பிரிண்ட்.* பைன் என்ற ஒரு வார்த்தைக்கு மூன்று பொருள். "எப்படி இருக்கீங்க, பைன்" என்றால் நல்லா இருக்கேன். பேருந்தில் டிக்கெட் எடுக்காவிட்டால் கட்டுவதும் பைன், அதாவது அபராதம். மூன்றாவது, பொடியானது, நுணுக்கமானது. பைன் பிரிண்ட் என்றால் பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிற நிபந்தனைகள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். அபராத வட்டி, கழிவு, தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

*சைன் ஆன் த டாட்டட் லைன்.* புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவது. அதாவது, முழுச் சம்மதம் கொடுத்து மாட்டிக்கொள்வது. "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்கா" என்று சொல்லிப் பேனாவை நீட்டுவார்கள். புள்ளிக்கோட்டில் சும்மா என்று ஒன்று கிடையவே கிடையாது.

*ஜாயிண்ட்லி அண்ட் செவரலி.* இது சட்டத்தில் வருகிற தொடர். இதில் நாங்களே சறுக்கி விழுந்த கதையைச் சொல்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நம்ம குழுவுக்கு வெளியே, ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து கடன் வாங்கினார்கள். பத்திரம் முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சகோதரி மகளிடம் காட்டினார். மகள் அகராதியில் பார்த்தது: ஜாயிண்ட் என்றால் சேர்ந்து, செவரல் என்றால் பல. "பல பேர் சேர்ந்து கட்டணுமாம்மா" என்றது. அவருக்குத் திருப்தி இல்லை. எங்களிடமும் கொண்டு வந்தார். அவசரமாக வேறு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, எல்லாரும் சேர்ந்து கட்டுறதுதான், அவங்கவங்க பங்கை அவங்கவங்க கட்டப்போறீங்க" என்று சொல்லிவிட்டோம்.

தப்பு. சட்டத்தில் செவரலி என்றால் பல என்று பொருள் இல்லை. தனித்தனியாக என்று பொருள். சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது பத்துப் பேரில் ஒன்பது பேர் கட்டாமல் போனாலும், மீதி இருக்கிற ஒருவரிடமே முழுக் கடனையும் கேட்கலாம். ஆறு மாதத்தில் இரண்டு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டது. மீதி எட்டுப் பேர் தலையில் பத்துப் பேர் தவணை. அந்தச் சகோதரி காதில் கிடந்த தோட்டை விற்றுத்தான் கட்டினார். "நீங்க சொன்னீகளேன்னுதான் போட்டேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறோம், அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு எழுத்துப் படித்தவர்களுக்கு "தெரியாது" என்ற வார்த்தை வாயில் வருவது கஷ்டமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்கு விலை அவருடைய தோடு.

இந்தத் தொடர் நம் குழுக்கள் வங்கியில் கடன் வாங்கும்போது உறுப்பினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தத்திலும் வரும். அதனால் பயந்து ஓட வேண்டாம். குழு என்றாலே ஒருவருக்கொருவர் பொறுப்புத்தான். ஆனால் என்ன பொறுப்பு என்று தெரிந்து ஏற்றுக்கொள்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு. யாரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று யோசிக்கவாவது அது உதவும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த நுண்கடன் விதியின்படி, வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் கொடுக்கிற கடனில், கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்பது நம் உரிமை. அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தராவிட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

புரியாத தொடர் வந்தால் என்ன செய்வது?

1. வார்த்தைக்கு வார்த்தை பொருள் பாருங்கள். அது அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா? விழாவில் ஏது வெடி? பொருந்தவில்லை என்றால் அது சொலவடை.

2. யார், எங்கே, எதற்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நம் வேலையில், நம் வீட்டில் அதைப் போல ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள். பாதி விளங்கிவிடும்.

3. பேச்சில் வந்தால் ஊகித்துப் பார்க்கலாம், தப்பானாலும் சிரித்துவிட்டுப் போகலாம். கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் வந்தாலோ, மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருந்தாலோ ஊகிக்கவே கூடாது. கேளுங்கள். ஒருவரிடம் கேட்டால் போதாது, இரண்டு பேரிடம் கேளுங்கள். எங்களிடம் கேட்டாலும் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

பயிற்சி

கீழே சில ஆங்கிலச் சொலவடைகளின் நேர்ப்பொருளைக் கொடுத்திருக்கிறோம். இவற்றுக்கு நம்ம ஊர்ச் சொலவடை என்ன? பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள்.

1. நோ ஸ்மோக் வித்அவுட் பயர் – நெருப்பில்லாமல் புகை இல்லை.

2. கில்லிங் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன் – ஒரே கல்லில் இரண்டு பறவையை அடிப்பது.

3. ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை – ஒரு தரம் கடிபட்டவர் மறுதரம் ஒதுங்குவார்.

4. ஆடிங் பியூயல் டு த பயர் – எரிகிற தீயில் இன்னும் எரிபொருள் போடுவது.

5. ஆல் தட் கிளிட்டர்ஸ் ஈஸ் நாட் கோல்டு – பளபளப்பதெல்லாம் தங்கம் அல்ல.

விடைகள்: 1. நெருப்பில்லாமல் புகையாது. 2. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவர்கள் பறவையை அடிக்கிறார்கள், நாம் மாங்காயோடு விட்டுவிடுகிறோம்! 3. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. 4. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது. 5. மின்னுவதெல்லாம் பொன்னல்ல.

குழுவில் பேச

• நம் குழுவின் மழைநாள் காசு எவ்வளவு? இரண்டு மாதம் வேலை இல்லாவிட்டால் எத்தனை பேருக்குத் தாங்கும்?

• உங்கள் வீட்டில் இருக்கிற கடன் காகிதங்களை எடுத்து வாருங்கள். அவற்றில் எந்த வரி புரியவில்லை? அதை மட்டும் ஒரு தாளில் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைக் கேட்டு வந்து சொல்வோம்.

• வெடி, தீப்பெட்டி, காடு, களம் இவற்றிலிருந்து பிறந்த நம்ம ஊர்ச் சொலவடைகள் என்னென்ன? பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம்.

முதலில் சொன்ன அந்த அக்காவின் மகள் இப்போது ஆங்கிலத்தில் புரியாத தொடர் எது வந்தாலும் முதலில் அம்மாவிடம்தான் கேட்கிறதாம். "எனக்கு என்ன மேடம் தெரியும், அவ வார்த்தையைச் சொல்லுதா, நான் பொருளைச் சொல்லுதேன்" என்கிறார் அக்கா. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவும் மகளும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்தால், எந்த மொழிக் காகிதம் வந்தாலும் நாம் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.